கடல் பேரோந்தி: இகுவானாவுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

கலாபகோஸ் தீவுகளைப் பற்றித் தமிழில் செய்தி வந்தால், கறுத்த எரிமலைப் பாறையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் அந்தக் கரிய பிராணியின் படமும் பெரும்பாலும் கூடவே வரும். படத்தின் கீழே சிலர் ‘கடல் உடும்பு’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘கடல் பல்லி’ என்கிறார்கள். மற்றவர்கள் ‘மரைன் இகுவானா’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பொருத்தமான பெயர் கடல் பேரோந்தி. பல்லியினங்களில் கடலுக்குள் இறங்கி மேய்ந்தே பிழைப்பது இது ஒன்றுதான். ஈக்வடார் கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கி.மீ. தள்ளி இருக்கும் இந்தத் தீவுகளை விட்டால் வேறெங்கும் கிடையாது.

இகுவானா என்ற சொல் கரிபியன் தீவுகளின் பூர்வகுடிகளான தைனோ மக்களுடையது. அவர்கள் ‘இவானா’ என்றார்கள். ஸ்பானியர்கள் அந்த ‘வ’ ஒலியைத் தங்கள் எழுத்து வழக்கப்படி எழுதியபோது நடுவில் ஒரு ‘கு’ சேர்ந்தது. அது ஆங்கிலம் வழியாக நம்மிடமும் வந்துவிட்டது. 1535-இல் காற்று விழுந்து கப்பல் திசைமாறி, தற்செயலாகக் கலாபகோஸை அடைந்த பனாமா ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா, அங்கே பாம்பைப் போன்ற இகுவானாக்கள் நிறைய இருப்பதாக ஸ்பெயின் மன்னருக்கு எழுதினார். கரிபியனில் கற்ற சொல்லை அவர் பசிபிக் பிராணிக்கு வைத்தார். அது சரியாகவே பொருந்தியது.

உடும்பு என்பதுதான் பொருந்தவில்லை. உடும்புக்குப் பாம்பைப் போலப் பிளந்த நாக்கு. அது முட்டை, தவளை, எலி, செத்தது என்று எல்லாவற்றையும் தின்னும் ஊனுண்ணி. கடல் பேரோந்திக்கு நாக்கு தடித்தது. உணவு முழுக்கக் கடற்பாசி. உடும்புகளில் கடலுக்கு அஞ்சாத ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நீர் உடும்பைச் சொல்லலாம், இலங்கைத் தமிழர் கபரகொய்யா என்பார்களே, அது. அதற்கும் இதற்கும் உறவு தூரம்.

ஓந்தி என்பதே நெருங்கிய சொல். நம் ஓணான், பச்சோந்தி, அமெரிக்க இகுவானா மூன்றையும் உயிரியலாளர் ஒரே பெருங்கிளையில் வைக்கிறார்கள். சொல்லும் பழையது. ஓணான், ஓந்தி, சங்க இலக்கியத்தின் ஓதி எல்லாம் ஒரே வேர்; மலையாளத்தில் ஓந்து, கன்னடத்தில் ஓதி. குறுந்தொகை 140-ஆம் பாட்டு ‘வேதின வெரிநின் ஓதிமுது போத்து’ என்று தொடங்குகிறது. வெரிந் என்றால் முதுகு, போத்து என்றால் ஆண். கருக்கரிவாள் போலப் பல்லுப் பல்லான முதுகுள்ள கிழட்டு ஆண் ஓந்தி என்று பொருள். பாலை வழியில் பார்த்த ஓணானைத்தான் அள்ளூர் நன்முல்லையார் பாடினார். ஆனால் பிடரியிலிருந்து வால்வரை முள் வரிசை நிமிர்ந்து நிற்கும் கடல் பேரோந்தியைப் பார்க்கும்போது எனக்கு அந்த அடிதான் நினைவுக்கு வருகிறது. அதன் அறிவியல் பெயரும் இதையே சொல்கிறது: 1825-இல் ஆங்கில விலங்கியலாளர் தாமஸ் பெல் வைத்த ‘அம்ப்ளிரிங்கஸ் கிரிஸ்டேட்டஸ்’ என்பதற்கு மழுங்கிய மூஞ்சியும் கொண்டையும் உடையது என்று பொருள்.

பெருமை என்ற அடை உயிரெழுத்துக்கு முன் ‘பேர்’ ஆகும்: பேரூர், பேராசை, அப்படியே பேரோந்தி. புணர்ச்சி விதியை இறுக்கிப் பிடிப்பவர்கள் ‘கடற்பேரோந்தி’ என்று எழுதலாம், தவறில்லை. வாசிக்க எளிது என்பதால் நான் பிரித்தே எழுதுகிறேன்.

அந்த மழுங்கிய மூஞ்சி வீணாக வந்ததல்ல. பாறையோடு ஒட்டி வளரும் பாசியை வாயை அழுத்தி வைத்துச் சுரண்ட அதுதான் வசதி. பற்கள் மும்முனை கொண்டவை. தட்டையான வாலை அசைத்து நீந்தும், நீண்ட நகங்களால் அலையில் பாறையைப் பற்றிக்கொள்ளும். பெரிய ஆண்கள்தான் ஆழத்துக்கு முங்குகின்றன. மற்றவை நீர் வற்றும் நேரம் பார்த்துக் கரையோரத்திலேயே மேயும். குளிர்ந்த நீரில் உடல் சில்லிட்டுப் போவதால் கரையேறியதும் வெயிலில் கிடந்தே ஆக வேண்டும். பாசியோடு உள்ளே போகும் உப்பைக் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் பிரித்தெடுக்கின்றன. அப்புறம் ஒரு தும்மல். மூக்கு வழியே பீறிடும் உப்புநீர் அதன் தலையிலேயே விழுந்து வெள்ளையாகக் காய்ந்துவிடும்.

எல் நினோ வந்து கடல் சூடானால் அது தின்னும் பச்சை, சிவப்புப் பாசிகள் அழிந்து, செரிக்காத பழுப்புப் பாசி பெருகும். ஆயிரக்கணக்கில் பட்டினியால் சாகும். பிழைப்பவை மெலிவதோடு நிற்பதில்லை, நீளத்திலும் குறைகின்றன. உடல் நீளம் 20 விழுக்காடு வரை குறைந்ததை ஆய்வாளர்கள் அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். எலும்பே சுருங்கினால்தான் இவ்வளவு குறையும். பாசி திரும்பியதும் அவை மறுபடி வளர்கின்றன. முதுகெலும்புள்ள வளர்ந்த பிராணி ஒன்று இப்படிச் சுருங்கி வளர்வது என்னை இன்றும் திகைக்க வைக்கிறது.

நடுக்கடல் தீவுக்கு ஓந்தி எப்படிப் போனது? மிதக்கும் மரங்களின்மேல்தான். 1995-இல் சூறாவளிக்குப் பிறகு வேரோடு பெயர்ந்த மரக்குவியலில் பச்சைப் பேரோந்திகள் குறைந்தது 15, கரிபியனின் அங்குயிலா தீவில் வந்து கரையேறின. ஃபிஜித் தீவுகளிலும் பேரோந்தி உண்டு. அதன் நெருங்கிய உறவு வட அமெரிக்கப் பாலைவனத்தில் இருப்பதால், 8000 கி.மீ. கடல் தாண்டிய பயணம் அது என்று கருதுகிறார்கள்.

கலாபகோஸிலேயே இன்னும் இரண்டு பெயர் தேவைப்படும். சப்பாத்திக்கள்ளி இனக் கள்ளிகளைத் தின்று வறண்ட நிலத்தில் வாழ்பவை நிலப் பேரோந்திகள்; தெற்குப் பிளாசா தீவில் இவை கடல் பேரோந்தியோடு இணைந்து கலப்பினக் குட்டிகளும் பிறந்திருக்கின்றன. இன்னொன்று இளஞ்சிவப்புப் பேரோந்தி. கலாபகோஸ் தேசியப் பூங்காக் காவலர்கள் 1986-லேயே பார்த்தும், தனி இனம் என்று 2009-இல்தான் அறிவிக்கப்பட்டது. இசபெலா தீவின் வுல்ஃப் எரிமலையில் மட்டும் சில நூறு இருக்கின்றன.