மயோப்பியா: கிட்டப்பார்வை

கிரேக்கத்தில் 'மூயின்' என்றால் மூடுதல், 'ஓப்ஸ்' என்றால் கண். இரண்டும் சேர்ந்து வந்ததுதான் மயோப்பியா. கண்ணை இடுக்கிப் பார்க்கும் முகத்தைப் பார்த்து வைத்த பெயர். காரணம் எதையும் சொல்லாது. கரும்பலகை தெரியாத பிள்ளை இன்றைக்கும் இமையைச் சுருக்கித்தான் பார்க்கிறது. ஒளி நுழையும் வழி குறுகினால் மங்கல் கொஞ்சம் தெளியும்.

தமிழில் கிட்டப்பார்வை. கிட்டுதல், அதாவது நெருங்குதல், என்ற வினையின் வழி வந்த 'கிட்ட'. இலங்கையில் குறும்பார்வை என்பார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் 'கிட்டப்பார்வைக் கோளாறு' என்றதும், கிட்டத்தில் இருப்பது தெரியாது போல என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், தூரம்தான் மங்கும். கண்ணாடிக் கடையில் 'மைனஸ் பவர்' என்றால் இந்தக் குழப்பமே இல்லை.

ஒளிக்கதிர்கள் விழித்திரைக்கு முன்பே கூடிவிடுவதுதான் காரணம் என்று வானியலாளர் கெப்ளர் 1604-லேயே விளக்கிவிட்டார். பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக நீண்டிருக்கும். 1 மி.மீ. கூடினாலே பவர் ஏறக்குறைய 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) ஏறிவிடும். வளரும் பிள்ளைக்கு அடிக்கடி கண்ணாடி மாற்ற வேண்டிவருவது இதனால்தான். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்கு இது வருவது குறைவு.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் அக்காமடேஷன். பாடநூல் இதை விழி ஏற்பமைவு என்கிறது: தூரத்துக்கு ஏற்ப அமைதல். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைப்பது கடினம். கிட்டத்தில் பார்க்கும்போது லென்ஸைச் சுற்றியிருக்கும் சிலியரித் தசை சுருங்கும், லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் தளரும், லென்ஸ் உப்பும். பத்து வயதில் இந்தத் திறன் 10 டயாப்டருக்கும் மேல். நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் விறைத்துப்போய் வெள்ளெழுத்து வரும்.

ஆக, கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு ஏற்பமைவு குறைந்துவிட்டது என்று பொருளில்லை. சில பிள்ளைகளுக்கு அந்தத் தசை இறுகியபடியே நின்று, இல்லாத மைனஸ் பவரை இருப்பதாகக் காட்டும். அது பொய்க் கிட்டப்பார்வை. இதனால்தான் சொட்டு மருந்து விட்டு, தசை தளர்ந்த அப்புறம் பவர் பார்க்கிறார்கள். கண்பாப்பா விரிந்து வெளிச்சம் கூசும், அன்றைக்கு வீட்டுப்பாடம் எழுதுவது பல பிள்ளைகளுக்குச் சிரமம். இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு முதல் கண்ணாடி எழுதும்போது, கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்துச் சொல்லும் பவரை நம்பி வாங்கிவிட வேண்டாம்.