குளவிக்குக் கிடைத்த பர்மிட்

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மலேசியாவிலிருந்து வந்த அவருடைய மச்சான், ஆசையாக ஒரு ரம்புட்டான் ஒட்டுக்கன்றைத் தொட்டி மண்ணோடு தூக்கி வந்திருக்கிறார். விமான நிலையத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "ஒரு செடிக்கு இவ்வளவு கெடுபிடி. ஆனால் எங்கள் மரவள்ளிக் காட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குளவியையே உயிரோடு கொண்டுவந்து விட்டார்களே, அதற்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது?" என்று கேட்கிறார்.

கோபத்தில் கேட்டிருக்கிறார். ஆனால் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1906இல், அமெரிக்காவிலிருந்து வரும் பஞ்சுப் பொதிகளுக்குப் புகைமூட்டம் போட்டுத்தான் இறக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு உத்தரவிட்டது. மெக்சிகோவின் பருத்திக் காய்க் கூன்வண்டு இங்கே வந்துவிடக் கூடாது என்ற பயம். அந்த வண்டு இன்றுவரை இந்தியாவில் காலூன்றவில்லை. 1914இல் தனிச் சட்டம் வந்தது, அதுதான் இன்றைக்கும் அடித்தளம். அதன் கீழ் 2003இல் போட்ட தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, வெளிநாட்டுச் செடியோ விதையோ வேண்டுமென்றால் முன்கூட்டியே இறக்குமதி பர்மிட் வாங்க வேண்டும். அனுப்பும் நாடு தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தர வேண்டும். வந்து இறங்கியதும் இங்கே ஒரு சோதனை. சில பயிர்களைத் தனி இடத்தில் நட்டு வளர்த்துப் பார்த்த பிறகே வெளியே விடுவார்கள். மண்ணுக்கு அதுவும் கிடையாது. ஆராய்ச்சிக்கென்று தனி அனுமதி வாங்காமல் ஒரு கைப்பிடிகூட உள்ளே வர முடியாது.

மண்மேல் அப்படி என்ன பகை? பதில் ஊட்டியில் இருக்கிறது. 1961இல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அங்கே உருளைக்கிழங்கு வயலில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இதன் பூர்வீகம் தென்னமெரிக்க ஆண்டிஸ் மலை. வேரைக் கடித்தபடியே பெண்புழு செத்துப்போகிறது. செத்த பிறகு அதன் தோல் இறுகி, கடுகைவிடச் சின்னதாக ஒரு பழுப்பு உருண்டை ஆகிறது. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள். மழை, வெயில், பனி எதற்கும் அசையாமல் இருபது வருடத்துக்கு மேலும் அந்த உருண்டை மண்ணில் கிடக்கும். பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர் ஒன்று வந்து, அது கசியும் ரசாயனம் மண் ஈரத்தில் கரைந்து வந்து தொட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் விழிக்கும். காத்திருப்பதென்றால் இதுதான் காத்திருப்பது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளி மாநிலங்களுக்குக் கொண்டுபோக 1971இல் தடை போட்டதற்குக் காரணம் கிழங்கல்ல, கிழங்கில் ஒட்டிய சேறு. கண்ணால் பார்த்து ஒரு தொட்டி மண்ணைச் சுத்தம் என்று எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட முடியாது. மச்சானின் கன்று மாட்டியது பெரும்பாலும் அந்த மண்ணால்தான்.

சரி, அந்தக் குளவி எதை அடக்க வந்ததோ, அந்த மாவுப்பூச்சிக்கு வருவோம். மரவள்ளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதன்முதலில் 2020இல் கேரளத்தின் திருச்சூரில் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் பக்கம் வந்துவிட்டது. ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகும் பூமி. அங்கே குச்சிக்கிழங்கு படுத்தால் ஊரே படுக்கும். அந்தச் சமயத்தில் ஒரு காட்டில் நின்று பார்த்திருக்கிறேன். நுனிக் கணுக்கள் நீளாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, இலைகள் சுருண்டு, செடியின் தலை ஒரு முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. சுருளைப் பிரித்தால் வெள்ளைப் பொடி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பொடியும் ரோஜா நிறத்தில் ஓர் உடம்பு.

அத்தனையும் பெண்கள். இந்த இனத்துக்கு ஆணே தேவையில்லை. ஒவ்வொன்றும் துணையில்லாமல் சுமார் 400 முட்டை இடும். பொரிப்பதும் எல்லாம் பெண்ணே. ஒன்று 400 ஆகும், அது 1,60,000 ஆகும், மூன்றாவது தலைமுறையில் 6.4 கோடி. எல்லாம் பிழைத்தால் என்ற கணக்கு இது, நிஜத்தில் பாதிக்கு மேல் சாகும். ஆனாலும் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் பெருகும் என்ற பூச்சி, இன்னும் துணை சேராத ஒன்றே ஒன்று எல்லை தாண்டி வந்தால் அதோடு கதை முடிந்தது. இதற்கு ஒரு கரணையின் கணுவில் ஒட்டிய ஒற்றைக் குஞ்சு போதும். மரவள்ளியை விதை போட்டா வளர்க்கிறோம்? குச்சியை வெட்டித்தானே நடுகிறோம். ஒரு கட்டுக் குச்சி எந்தச் சோதனையும் இல்லாமல் நகரும்போது கூடவே என்ன நகர்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதே பூச்சி இதற்கு முன்பே ஆப்பிரிக்காவை ஆட்டிப்படைத்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் வந்து இறங்கியது, சில வருடங்களில் மரவள்ளியையே சோறாகச் சாப்பிடும் நாடுகள் முழுக்கப் பரவிவிட்டது. தென்னமெரிக்காவிலும் மரவள்ளி உண்டு, இந்தப் பூச்சியும் உண்டு. அங்கே மட்டும் ஏன் ஆட்டம் போடவில்லை? அங்கே அதைத் தின்ன ஆள் இருந்தது. பூச்சி பயணம் வந்தபோது எதிரிகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. அந்த எதிரியைத் தேடிப் போனவர்களுக்கு 1981இல் பராகுவேயில் கிடைத்ததுதான் அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவி.

இந்தக் குளவியைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையே என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குளவி என்றதும் கன்னம் வீங்கும் என்று பயப்பட வேண்டாம். கொசுவைவிடச் சின்னது, மனிதரைக் கொட்டாது. பெண்ணின் உணர்கொம்புகளில் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருக்கும். மாவுப்பூச்சி தாக்கிய மரவள்ளியின் வாசனையே மாறிவிடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் அது வருகிறது. பூச்சி உட்கார்ந்திருக்கும் இலை மட்டுமல்ல, அதே செடியில் பூச்சியே இல்லாத இலைகூட அதை இழுக்கிறது. கடிபட்டது ஓரிடம், கூப்பாடு போடுவது முழுச் செடியும்.

வந்து இறங்கியதும் இலைமேல் நடக்கிறது. ஒரு மாவுப்பூச்சி தட்டுப்பட்டால் இரண்டு உணர்கொம்பாலும் அதன் முதுகைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது, சந்தையில் தர்ப்பூசணியைத் தட்டிப் பார்ப்பது போல. அளவெடுக்கிறது. பிறகு திரும்பி நின்று, பின்பக்க ஊசியைச் செருகுகிறது. ரொம்பச் சின்னப் பூச்சி என்றால் முட்டையே இடாமல், குத்திய ஓட்டையில் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு. கொஞ்சம் வளர்ந்தது என்றால் உள்ளே ஒரு முட்டை. அது ஆணா பெண்ணா என்று அந்த இடத்திலேயே தாய் முடிவு செய்கிறது.

எப்படி? குளவி, எறும்பு, தேனீ வகையறாவில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். ஆணிடமிருந்து வாங்கிய விந்தைத் தாய் தன் வயிற்றில் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கிறது. முட்டை அந்த வழியாக இறங்கும்போது பையின் வாயைத் திறந்தால் பெண், மூடியே வைத்தால் ஆண். பெரிய மாவுப்பூச்சி கிடைத்தால் பையைத் திறக்கிறது. சின்னது என்றால் பெரும்பாலும் மூடிவிடுகிறது. ஏனென்றால் உள்ளே பிறக்கும் புழுவுக்கு அந்த ஒரு பூச்சிதான் மொத்தச் சாப்பாடு. சாப்பாடு குறைந்தால் குளவியும் குட்டையாகும். குட்டையான ஆண் எப்படியோ குடும்பம் நடத்திவிடுவான்; குட்டையான பெண்ணின் வயிற்றில் முட்டை குறைந்துவிடும். மகளுக்குப் பெரிய வீடு, மகனுக்குச் சின்ன வீடு! நம் ஊர் சொத்துப் பாகப்பிரிவினையில் பார்க்கக் கிடைக்காத காட்சி.

புழு உள்ளிருந்தே தின்கிறது. மாவுப்பூச்சி உப்பி, தோல் இறுகி, பழுப்பு நிறக் கூடாகிறது. இரண்டு, இரண்டரை வாரத்தில் கூட்டின் முனையில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வருகிறது.

குளவிக்கு ஏன் பர்மிட் கொடுத்தார்கள் என்றால், அந்தக் கூடுகளைத்தான் கொண்டுவந்தார்கள், மண்ணை அல்ல, செடியை அல்ல. அதுகூட நேராக வயலுக்குப் போகவில்லை. தாய்லாந்துக்கு 2008இல் இந்தப் பூச்சி வந்து, அடுத்த வருடம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு ஆய்வு நிலையத்திலிருந்து குளவி போன பாதையிலேதான் 2021இல் பெங்களூருவுக்கும் வந்தது. தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தின் மூடிய ஆய்வகத்துக்கு. இப்படி வரும் கூடுகளில் ஓர் ஆபத்து உண்டு. நாம் வேண்டிய குளவியின் உடம்புக்குள் அதைத் தின்னும் இன்னொரு குளவி ஒளிந்திருக்கலாம். ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணி. அது வெளியே போனால் காவல்காரனைக் கொல்ல நாமே ஆள் கூட்டி வந்த கதை. அதனால் வெளியே வருவதை ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்து, நமக்கு வேண்டியதை மட்டும் பிரித்து, உள்ளேயே குட்டி போட வைத்து, வந்த பழைய கூடுகளை அழித்துவிடுவார்கள். வேறு உயிர்களை, குறிப்பாக நமக்கு நன்மை செய்யும் பூச்சிகளைத் தொடுகிறதா என்றும் பார்ப்பார்கள். பராகுவே குளவி முதலில் ஆப்பிரிக்கா போனபோது நடுவில் இங்கிலாந்தில் இறக்கி வைத்துச் சோதித்தார்கள். மரவள்ளியே விளையாத நாட்டில் குளவி தப்பினாலும் பட்டினியில் சாகும் அல்லவா? அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இங்கே சோதனையெல்லாம் முடிந்து 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகளைத் திறந்துவிட்டார்கள். நமக்கு இது புதிதும் அல்ல. 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரியையும் விடாமல் பட்டு வளர்ப்பவர்களை அழவைத்தபோது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இதே முறையில் வந்த அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் அடக்கியது.

இங்கே கொஞ்சம் புலம்ப அனுமதியுங்கள். இந்த வேலை முழுக்கப் பெயரில் நிற்கிறது. ஆப்பிரிக்காவுக்காக எதிரியைத் தேடியவர்கள் முதலில் தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சியைப் பார்த்து, இதுதான் என்று நம்பி அதன் ஒட்டுண்ணிகளை எடுத்துப் போனார்கள். பலிக்கவில்லை. அது பார்க்க ஒன்றுபோல இருந்த வேறு இனம், அதில் ஆணும் உண்டு. கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் நுண்துளைகளை எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, 1795இல் சிவப்புச் சாயத்துக்கென்று பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சியும் தப்பான இனம்தான். சாயம் மட்டமாக இருந்தது, ஆனால் சப்பாத்திக்கள்ளியில் ஒரு வகையைத் தின்று தீர்த்தது. அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி விவசாயம் செய்ய முடியுமா? பூச்சிக்குச் சரியான பெயர் சொல்லத் தெரிந்த வகைப்பாட்டியல் ஆட்கள் நம் பல்கலைக்கழகங்களில் ஓய்வு பெற்றபடி இருக்கிறார்கள், அந்த நாற்காலியில் புதிதாக யாரும் உட்காருவதாகத் தெரியவில்லை. மரபணு இயந்திரத்துக்குக் கோடிகளில் நிதி கேட்டால் கிடைக்கிறது, பூச்சிப் பெட்டிக்கு நாப்தலின் உருண்டை வாங்கக் கேட்டால் ஃபைல் தூங்குகிறது. பயிர் படுத்ததும் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைப்பவரைக் கேலி செய்கிறோமே, பெயர் தெரியாத பூச்சிக்குக் கடைக்காரர் தந்த மருந்தை அடிப்பதும் ஏறக்குறைய அதே ரகம்தான். கூடுதலாக, மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை உண்டு. மருந்தில் முதலில் சாவது குளவி.

வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்கள் காட்டில் பழுப்பாக உப்பிய கூடுகள் தெரிந்தால் அந்த நுனியைக் கிள்ளி எரித்துவிடாதீர்கள். முனையில் வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மச்சானிடம் சொல்லுங்கள், நீலகிரியில் குன்னூர் போகும் வழியில் பர்லியார் அரசுப் பண்ணையில் ரம்புட்டான், மங்குஸ்தான், டுரியான் மரங்களே நிற்கின்றன. அங்கிருந்து கன்று வாங்கி வர எந்த பர்மிட்டும் வேண்டாம். அப்படியே மேலே ஊட்டி வரை போய், விதைக்கு நாலு கிழங்கு என்று சேற்றோடு மூட்டை கட்டி வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.