குண்டும் குழியுமான சாலைக்கு எந்த சைக்கிள் டயர்?

எண்ணூர் விரைவுச் சாலையில் விடியற்காலையில் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களில் சிலர் இன்னமும் 23 மி.மீ. அகலமுள்ள டயரில் 110 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்றடித்து வருகிறார்கள். டயர் கல் போல இருந்தால்தான் வேகம் வரும் என்பது பழைய நம்பிக்கை. வழவழப்பான பந்தயத் தளத்தில் அது ஓரளவு சரி. கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க ஏறி இறங்கும் வடசென்னைச் சாலையில் அது தவறு.

ஓடும் டயர் இரண்டு வழிகளில் நம் உழைப்பைத் தின்கிறது. தரையில் படும் இடத்தில் ரப்பர் நசுங்கி மீளும்போது, நசுக்கச் செலவான ஆற்றல் முழுதும் திரும்புவதில்லை, கொஞ்சம் வெப்பமாகிவிடும். காற்றைக் கூட்டினால் இந்த இழப்பு குறையும். இரண்டாவது இழப்பு சாலையின் முரட்டுத்தனத்தால் வருவது. துருத்தி நிற்கும் ஜல்லியை டயர் உள்வாங்காவிட்டால் சக்கரமே மேலே எழும்பும். அந்த அதிர்வு பிரேம் வழியாகக் கை, முதுகு, தொடைத் தசைக்குப் போய் அங்கே வெப்பமாகக் கரையும். முன்னே போக வேண்டிய ஆற்றல்தான் அது. காற்றைக் கூட்டக் கூட்ட இந்த இழப்பு ஏறும். மோசமான சாலையில் முதல் வகையில் மிச்சப்படுத்தியதைவிட இரண்டாவது வகையில் பறிகொடுப்பது அதிகம். உடம்பு நோகாத டயரே அங்கே வேகமான டயரும்கூட.

அப்படியானால் 23 மி.மீ. டயரிலேயே காற்றைக் குறைத்தால் போதாதா? போதாது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் பின்சக்கரத்தின் பங்கு சுமார் 48 கிலோ. 100 பி.எஸ்.ஐ.யில் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 7 சதுர செ.மீ.; 60 பி.எஸ்.ஐ.யில் 11க்குச் சற்று மேல். ஒல்லி டயர் இந்தப் பரப்பை அடைய நீளவாக்கில் ஆழமாக நசுங்க வேண்டும். அந்த நிலையில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் மோதினால் ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே டியூப் சிக்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். அகல டயரில் ரிம்முக்குக் கீழே உயரம் மிஞ்சுவதால் குறைந்த காற்றையும் தாங்கும்.

அகல டயருக்கு மாறியவர்கள் பலர் பழைய அளவிலேயே காற்றடித்துவிட்டு, "வித்தியாசமே தெரியல" என்கிறார்கள். டயர் ரப்பருக்குள் இருக்கும் நூல் துணியில் ஏறும் இழுவிசை, காற்றழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கியதைப் பொறுத்தது. 23 மி.மீ.யில் 100 பி.எஸ்.ஐ. தரும் விறைப்பை 32 மி.மீ. டயர் 72லேயே தந்துவிடும். 70 கிலோ ஆள் 32 மி.மீ. டயரில் பின்னால் 60, முன்னால் 50 முதல் 55 வரை வைத்துத் தொடங்கலாம். பின்சக்கரத்தில்தான் பாரம் அதிகம். இரண்டிலும் ஒரே அளவு தேவையில்லை.

இனி, டயர் எவ்வளவு நாள் உழைக்கும் என்பது. 1946இல் எம்.ஆர்.எஃப். திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத்தான் தொடங்கியது. டயர் பிறகு வந்தது. பலூன் ரப்பரைத் தேய்மானம் தாங்கும் டயர் ரப்பராக்குவதில் முக்கியப் பங்கு அதில் கலக்கும் கார்பன் கரிக்கு. சிலிக்கா கலந்தால் ஈரத்தில் பிடிப்பு கூடும். கண்ணாடிச் சில்லைத் தடுப்பது ரப்பருக்கு அடியில் வைக்கும் கெவ்லார், வெக்ட்ரான் போன்ற இழைப் பட்டை. ஆனால் நம் சாலையின் பெரிய எதிரி, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் முடி போன்ற எஃகுக் கம்பி. அது இழைகளின் இடுக்கில் நுழைந்துவிடும். அதற்குத் தடித்த ரப்பர் அடுக்கு கொண்ட டயர் மேல். கனம் கூடும், ஓட்டம் கொஞ்சம் மந்தமாகும். தினமும் வேலைக்கு மணலி பக்கம் போகிறவருக்கு இதையே சொல்வேன். பக்கச்சுவரையும் பாருங்கள். பள்ளத்தின் விளிம்பு கிழிப்பது அங்கேதான், பல டயர்களில் பாதுகாப்புப் பட்டை அங்கே வருவதில்லை.

மழைக்காலத்தில் வரிப்பள்ளம் போட்ட டயரைத் தேட வேண்டாம். சைக்கிள் டயர் குறுகலானது, அழுத்தம் மிகுந்தது. தண்ணீரைத் தானே ஒதுக்கிவிடும். ஆனால் நனைந்த ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டும். மழையில் ஓட்டிய அன்றைக்கே சக்கரத்தைச் சுற்றி, பதிந்த சில்லுகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இறங்கும்.

வாங்கும் முன் பிரேக்குக்கும் பிரேமுக்கும் நடுவே இடம் அளந்துகொள்ளுங்கள். டயரைச் சுற்றி 4 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். பழைய ரிம் பிரேக் சைக்கிள் பலவற்றில் 25 அல்லது 28தான் நுழையும். டிஸ்க் பிரேக் வந்த பிறகான பல சைக்கிள்களில் 32 உட்காரும்.