குண்டு முயலை பட்டினி போடாதீங்க

முயல் குண்டாயிடுச்சுன்னு தெரிஞ்சதும் நம்ம ஆளுங்க செய்யுற முதல் வேலை சாப்பாட்ட நிறுத்துறதுதான். நேத்து ராத்திரியில இருந்து பெல்லட் தீனி போடல டாக்டர், இனிமே ஸ்டிரிக்ட் டயட்டுதான்னு பெருமையா சொல்லுவாங்க, ஆனா தூக்கிட்டு வர்ற கூண்டுக்குள்ள பாத்தா முயல் ஹேயும், அதாவது காஞ்ச புல்லும், தொடாம கண்ண பாதி மூடிக்கிட்டு குறுகி உக்காந்திருக்கும். இந்த நெலமையில வர்ற முயல பாக்கும்போதுதான் எனக்கு பக்குனு இருக்கும், அதோட எடைய பாத்து இல்ல.

நாய் ஒரு வேளை சாப்பிடலன்னா பெருசா ஒண்ணும் ஆகாது. முயல் அப்படி இல்லங்க. அதோட குடல் நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னுச்சுன்னா உள்ள கேஸ் சேரும், வலிக்கும், வலிச்சா இன்னும் சாப்பிடாது, சாப்பிடலன்னா குடல் இன்னும் மந்தமாகும். இதத்தான் ஜிஐ ஸ்டேசிஸ்னு சொல்றோம். குண்டு முயலுக்கு இதுக்கு மேல ஒரு ஆபத்து இருக்கு. சாப்பாடு உள்ள போகலன்னதும் உடம்புல சேத்து வெச்ச கொழுப்பெல்லாம் கரைஞ்சு கல்லீரல்ல போய் சேரும், கல்லீரலால அத சமாளிக்க முடியாம அதுவே செயலிழந்து போயிடும். பட்டினியில ஒல்லி முயல விட குண்டு முயல்தான் சீக்கிரம் போய்ச் சேரும்னு சொன்னா நிறைய பேரு நம்ப மாட்டேங்குறாங்க.

அதனால நான் சொல்றது கேக்க கொஞ்சம் கிறுக்குத்தனமாத்தான் இருக்கும். எடை குறையணும்னா உங்க முயல் இப்ப சாப்பிடுறத விட நிறைய சாப்பிடணும், ஆனா அது ஹேயா இருக்கணும். தட்டுல போறதுல 80 சதவீதத்துக்கு மேல காஞ்ச புல்லுதான், டிமோத்தியோ ஆர்ச்சர்டோ ஓட் ஹேயோ எதுவானாலும் சரி, அளவே கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் இருக்கணும். அல்ஃபால்ஃபா மட்டும் வேணாம், அது குட்டிங்களுக்கு, ஆறேழு மாசம் தாண்டின முயலுக்கு அதுல புரதமும் கால்சியமும் ரொம்ப ஜாஸ்தி.

முதல்ல நெஜமாவே குண்டானு பாருங்க. விலாவுல கைய வெச்சு லேசா அழுத்தினா எலும்பு ஒண்ணொண்ணா தட்டுப்படணும், தேடித் தேடி அழுத்தினாத்தான் கெடைக்குதுன்னா எடை கூட. பொம்பள முயலுக்கு தாடைக்கு கீழ ஒரு மடிப்பு இயல்பாவே தொங்கும், டியூலாப்னு பேரு, அத மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. கருத்தடை பண்ணாத பொம்பள முயலுக்கு வயிறு மட்டும் பெருசாகுதுன்னா அது சினையா இருக்கலாம், கர்ப்பப்பை கட்டியாவும் இருக்கலாம், டயட் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ வெட்டுகிட்ட, அதாவது கால்நடை டாக்டர்கிட்ட, காட்டிடுங்க. அப்படியே பல்லையும் பாக்கச் சொல்லுங்க. ஹே சாப்பிட மாட்டேங்குது, பெல்லட்தான் கேக்குதுன்னு சொல்ற முயல்ல நிறையத்துக்கு கடவாய்ப் பல்லு கூரா வளந்து நாக்க குத்திக்கிட்டு இருக்கும், அது பிடிவாதம் இல்ல, வலி.

சரி, எடை எப்படி ஏறுது? நான் பாத்த வரைக்கும் நம்ம சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுல ஒரு முயலுக்கு குறைஞ்சது நாலு பேரு சமையல்காரங்க. அம்மா காலையில வேலைக்கு கெளம்புறப்போ கிண்ணத்த ரொப்பிட்டு போவாங்க, ஸ்கூல்ல இருந்து வர்ற பையன் அது காலி ஆயிடுச்சேன்னு மறுபடி ரொப்புவான், தாத்தா வாழைப்பழம், பாட்டி டீயில தோய்ச்ச பிஸ்கட்டுல ஒரு ஓரம். பாவம் கேக்குது பாருன்னு சொல்லுவாங்க. அது எப்பவும் கேக்கும், முயலோட வேலையே அதுதான். கணக்க பாருங்க, 1.8 கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமாரா 150 கலோரி, 20 கிராம் வாழைப்பழத் துண்டுலயே ஏறக்குறைய 18 கலோரி போயிடுது. பாட்டிக்கு அது சுண்டு விரல் அளவு துண்டு, முயலுக்கு அது பத்துல ஒரு பங்குக்கும் மேல. பாட்டிகிட்ட குடுக்காதீங்கன்னு சொன்னா வேலைக்கு ஆகாது, அவங்க கையில ஒரு கட்டு கொத்தமல்லி குடுத்துடுங்க, ரெண்டு பேருக்கும் சந்தோஷம். தேக்கா மார்க்கெட்ல கெடைக்குற புதினா, கொத்தமல்லி, சியாவ் பாய் சாய்ங்குற சீனக் கீரை எல்லாம் தாராளமா குடுக்கலாம், பசலைக்கீரையும் முளைக்கீரையும் தினமும் வேணாம், ஆக்சலேட் ஜாஸ்தி. கேரட் ஒரு ஸ்வீட், அத காய்கறி கணக்குல சேக்காதீங்க. பெட் ஷாப்ல விக்கிற யோகர்ட் டிராப், கலர் கலரா விதை கலந்த மிக்ஸ் இதெல்லாம் ஏன் இன்னும் விக்குறாங்கன்னே எனக்கு புரியல.

பெல்லட்ட ஒரேயடியா நிறுத்தாதீங்க. கிச்சன் தராசுல நெறுத்து போடுங்க, கண்ணளவு வேணாம். பொதுவா இருக்க வேண்டிய எடையில ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம்தான் உச்சவரம்பு, அதாவது 1.8 கிலோ இருக்க வேண்டிய முயலுக்கு 45 கிராம், இப்ப நீங்க 80 கிராம் போட்டுக்கிட்டு இருந்தா வாரத்துக்கு ஒரு 10 கிராம்னு எறக்கிக்கிட்டு வாங்க, அதுக்குள்ள அது ஹே பக்கம் திரும்பிடும். 45க்கு கீழ போகணுமாங்குறது வெட் பாத்து சொல்ல வேண்டிய விஷயம். தண்ணிய மட்டும் எந்த காரணத்துக்கும் குறைக்காதீங்க.

ஹே விஷயத்துல நம்ம ஊரு ஈரப்பதம் ஒரு பெரிய தலைவலி. பெரிய பேக்கா வாங்கி சர்வீஸ் யார்டுல வாஷிங் மெஷின் பக்கத்துல வெச்சா ரெண்டு மழைக்கு நமத்து போயிடும், வாசம் போன ஹேய முயல் மோந்து பாத்துட்டு நகந்துடும், பூஞ்சை புடிச்சா தூக்கிதான் போடணும். சின்ன பேக்கா வாங்கி காத்தோட்டமான ரூம்ல வைங்க. முயல் கக்கா போய்க்கிட்டே சாப்பிடுற ஜீவன், அதனால அது கக்கா போற லிட்டர் டிரேக்கு மேலயே ஹே வெச்சீங்கன்னா தானா சாப்பாடு கூடும்.

ஓட வைக்கணும்னு சொன்னதும் சிலபேரு கயிறு கட்டி புளோக்குக்கு கீழ இருக்குற வாய்ட் டெக்குக்கு இழுத்துட்டு போறாங்க, அது எக்சர்சைஸ் இல்ல, முயலுக்கு அது பயம். வீட்டுல ஏன் ஓடலன்னு கீழ குனிஞ்சு பாருங்க, டைல்ஸ் தரை வழுக்கும், முயல் பாதத்துல நாய்க்கு இருக்குற மாதிரி மெத்து கிடையாது, வெறும் முடி. பழைய கார்ப்பெட்டோ கனமான காட்டன் விரிப்போ போட்டா பாதி பிரச்சனை தீர்ந்துச்சு. கிண்ணத்துல பெல்லட் போடாம விரிப்பு மேல அங்கங்க தூவி விடுங்க, டாய்லெட் ரோல் அட்டைக்குள்ள ஹே திணிச்சு வைங்க. மத்தியானம் 32 டிகிரியில எதுவும் வேணாம், முயலுக்கு வேர்க்காது, காது வழியாத்தான் சூட்ட வெளிய விடும், குண்டா இருந்தா இன்னும் கஷ்டம். விடியக்காலையும் ராத்திரியும் அதுவே துள்ளுற நேரம், அப்ப கூண்டத் தொறந்து விடுங்க.

பின்பக்கத்த தினமும் பாருங்க, இத நான் கெஞ்சியே கேட்டுக்குறேன். முயல் ஒரு வகை மெத்துன்னு திராட்சைக் கொத்து மாதிரி கக்கா போடும், அத குனிஞ்சு நேரா வாயிலயே எடுத்து சாப்பிட்டாத்தான் அதுக்கு வேண்டிய வைட்டமின் கெடைக்கும். குண்டு முயலுக்கு வாய் எட்டாது, அது முடியில ஒட்டிக்கும், ஈ வந்து முட்டை போடும், ஒரே நாள்ல புழு வெச்சுடும். குளிர் நாடுகள்ல இது வெயில் காலத்துப் பிரச்சனை, நமக்கு வருஷம் பூரா வெயில் காலம்தான்.

வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்துல எடை பாருங்க. உடம்பு எடையில 1ல இருந்து 2 சதவீதம் குறைஞ்சா போதும், 2.4 கிலோ முயலுக்கு 24ல இருந்து 48 கிராம். 1.8க்கு வர நாலஞ்சு மாசம் ஆகலாம், அவசரமே இல்ல. ரெண்டு மூணு வாரம் முள்ளு அசையலன்னா பெல்லட்ட வெட்டுறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரையும் விசாரிங்க. 2 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா பெல்லட்ட திரும்ப கொஞ்சம் ஏத்திட்டு வெட்டுகிட்ட பேசுங்க. எடைய விட கக்காவ கவனிங்க, உருண்டை சின்னதாகுது, குறையுதுன்னா குடல் மந்தமாகுதுன்னு அர்த்தம். பத்து பன்னெண்டு மணி நேரமா சாப்பாடும் இல்ல கக்காவும் இல்லன்னா காலையில பாத்துக்கலாம்னு தூங்கப் போயிடாதீங்க, இங்க எல்லா கிளினிக்லயும் முயல் பாக்க மாட்டாங்க, ராத்திரியில முயல் பாக்குற இடம் எதுன்னு இப்பவே போன் பண்ணி கேட்டு நம்பர ஃபிரிட்ஜுல ஒட்டி வெச்சுடுங்க.