தடுப்பு இன்ஹேலர் ஏன் உடனே கேட்பதில்லை?

“நீல இன்ஹேலர்தான் டாக்டர் எனக்குக் கேட்குது. இன்னொண்ணு சும்மா, அடிச்சாலும் ஒண்ணும் தெரியல.” நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது மனப்பாடம். அந்த ‘இன்னொண்ணு’தான் ஆஸ்துமாவை அடக்கி வைக்கத் தினமும் அடிக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர். அதை வாங்கி, பின்பக்கத்து எண்ணைப் பார்த்தால் 120-இல் தொடங்கி 112-இல் நின்றிருக்கும். காலையில் இரண்டு, இரவில் இரண்டு பஃப் என்று எழுதிக் கொடுத்தது. இரண்டே நாள் அடித்துப் பார்த்துவிட்டு, மூடி போட்டு வைத்துவிட்டார்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைச் செல்லின் வெளிப்பரப்பிலேயே வேலையைத் தொடங்கிவிடும். அங்கே மருந்தைப் பிடித்துக்கொள்ளும் பீட்டா-2 ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டியதும் தசை தளர்கிறது. சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகிறது, நான்கைந்து மணி நேரத்தில் அந்தச் சுகமும் தீர்ந்துபோகிறது. உள்ளே இருக்கும் அழற்சியை, அதாவது மூச்சுக்குழாயின் வீக்கத்தை, அது தொடுவதே இல்லை.

தடுப்பு இன்ஹேலரில் இருப்பது புடெசோனைடு, ஃபுளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு. அது போக வேண்டிய இடம், மரபணுக்கள் இருக்கும் செல்லின் உட்கரு. அதுவும் தனியாகப் போனால் பயனில்லை, ஒரு புரதத்தை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்தப் புரதத்தின் பெயர் குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி. சாதாரண நேரத்தில் வேறு சில புரதங்களோடு பிணைந்து, உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் சும்மா கிடக்கும். ஸ்டீராய்டு வந்து ஒட்டியதும் அதன் வடிவம் மாறுகிறது. அப்போது, லைசின், ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்கள் நிறைந்த ஒரு சிறு பகுதி வெளியே தெரிய வருகிறது. உட்கருவுக்குள் போவதற்கான அடையாளம் அதுதான். இப்படி ஓர் அடையாளம் உண்டு என்பதை 1984-இல் எஸ்வி40 என்ற வைரஸின் புரதத்தை வைத்து அழகாகக் காட்டினார்கள். அதில் ஒரே ஒரு லைசினை மாற்றினால் போதும், புரதம் உட்கருவுக்கு வெளியிலேயே தங்கிவிட்டது.

உட்கரு உறையில் துளைகள் இருக்கின்றன. ஏறக்குறைய 40 கிலோடால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) குறைவான மூலக்கூறுகள் அவற்றின் வழியே தாமாகவே போய் வரும். நம்முடைய ஏற்பி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது, தானாக நுழைய முடியாது. இம்போர்ட்டின் என்ற புரதங்கள் அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு துளை வழியே உள்ளே கூட்டிச் செல்கின்றன. உள்ளே போனதும் ரான் என்ற சிறு புரதம் இம்போர்ட்டினோடு ஒட்டி, சரக்கை இறக்க வைக்கிறது. ரானின் செயல்படும் வடிவம் உட்கருவுக்குள் மிகுதி, வெளியே அரிது. அதனால்தான் சரக்கு உள்ளே மட்டும் இறங்குகிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது துளை அல்ல, ரான்தான். மருத்துவக் கல்லூரியில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவைத் தூண்டிவிடும் மரபணுக்களை இயக்குவது காட்டா-3 என்ற புரதம். அதுவும் இம்போர்ட்டினைப் பிடித்துத்தான் உட்கருவுக்குள் போயாக வேண்டும். ஸ்டீராய்டு ஒட்டிய ஏற்பி அதே இம்போர்ட்டினுக்குப் போட்டியிடுகிறது என்று லண்டன் ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். ஷேர் ஆட்டோவில் கடைசி இடத்தை நாம் பிடித்துவிட்டால், வம்பு பேச வந்தவர் ரோட்டிலேயே நிற்பதைப் போலத்தான்.

சரி, இதெல்லாம் நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஏற்பி உட்கருவுக்குள் போவது ஒன்றும் தாமதமில்லை, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கு அப்புறம்தான் நிதானம். சில மரபணுக்கள் அடங்க வேண்டும், சில விழிக்க வேண்டும், புதுப் புரதங்கள் உருவாக வேண்டும், ஏற்கெனவே வந்து குவிந்த அழற்சிச் செல்கள் குறைய வேண்டும். மூச்சுக்குழாயின் வீக்கம் வடிய நாட்கள், சில வாரங்கள்கூட ஆகும். இரண்டு நாளில் “ஒண்ணும் தெரியல” என்பது சரிதான், தெரியாது.

இதைவிட ஏமாற்றுவது நிறுத்தும்போது. அடங்கிய அழற்சி மறுநாளே திரும்பி வராது. மருந்தை விட்ட பிறகும் சில நாள் நன்றாகவே இருக்கும். “பாத்தீங்களா, நிறுத்தியும் நல்லாத்தான இருக்கேன்” என்று நோயாளியே எனக்குச் சமாதானம் சொல்வார். பிறகு ஒரு சளி பிடிக்கும், இரவில் இளைப்பு வரும், நெபுலைசர் வைக்க ஓடி வருவார்கள்.

ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. இன்ஹேலரில் ஒரு நாளைக்குப் போவது பெரும்பாலும் சில நூறு மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். தடுப்பு மருந்தை விட்டுவிட்டுக் கடும் இளைப்போடு வந்தால், பெரியவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்களே பாருங்கள். இன்ஹேலர் அடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் பூஞ்சை வருவது குறையும்.

நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். சால்புட்டமால் மட்டும் வைத்து ஆஸ்துமாவுக்கு வைத்தியம் பார்ப்பதை 2019 முதல் உலக வழிகாட்டுதல்களே ஏற்பதில்லை. ஸ்டீராய்டும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலர் சிலருக்குத் தடுப்பு, உடனடி நிவாரணம் என்ற இரண்டு வேலைக்கும் போதும். ஃபார்மோட்டெரால் நிமிடங்களில் கேட்கும். உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கடும் இளைப்பு நேரத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கும் ஊசிக்கும் இதே உட்கரு வழிதான். பலன் தெரியக் குறைந்தது நான்கு மணி நேரம் ஆகும். எனவே நள்ளிரவில் நீல இன்ஹேலரைத் திரும்பத் திரும்ப அடித்தும் மூச்சு அடங்கவில்லை என்றால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.