கோடையிலும் குளிர்ந்தே ஓடும் ஆறு

ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வெயில் 35 டிகிரியைத் தொடும். சுற்றிலும் பாறையும் காய்ந்த புதரும்தான். ஆனால் அங்கே சான் ஹுவான் ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கித் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கால் மரத்துப்போகும். அந்தத் தண்ணீரின் வெப்பம் வெறும் 5 முதல் 8 டிகிரி. குளிர்நீர் மீனான டிரவுட் அதில் கொழுத்து வளர்கிறது. காரணம், ஆற்றின் மேலே 1962-இல் கட்டி முடிக்கப்பட்ட நவஹோ அணை.

மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் தூண்டில் பைத்தியம் பிடித்தவர்கள் நிறைய. தோட்டத்து வேலை ஓய்ந்தால் பேரா ஆற்றங்கரை, இல்லாவிட்டால் செண்டெரோ ஏரி. ஒட்டுக்கடையில் இந்த அமெரிக்க ஆற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "நம்மகிட்டயும் மலை இருக்கு, தெமெங்கோர்ல பெரிய அணை இருக்கு. அதுக்குக் கீழே டிரவுட்டை விட்டா வாழாதா அண்ணே?" நல்ல கேள்வி. வாழாது. ஆனால் ஏன் வாழாது என்பதில்தான் ருசியே இருக்கிறது.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கு மேல் சூடேற ஏற இலேசாகிக்கொண்டே போகும். கோடை வெயில் ஏரியின் மேல்நீரைச் சூடாக்குகிறது; அது இலேசானது என்பதால் மேலேயே தங்கிவிடுகிறது. காற்று அதைக் கலக்கப் பார்க்கும், ஆனால் அதன் பலம் சில மீட்டருக்குக் கீழே எட்டாது. இப்படி ஏரி இரண்டு அடுக்காகப் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய பகுதி உண்டு. ஆழமான ஏரியில் நீந்தியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும்: மார்புக்கு இதமாக இருக்கும், காலைக் கீழே நீட்டினால் சில்லென்று இருக்கும்.

குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் வந்ததும் மேல்நீரும் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கத் தொடங்கும். அப்போது ஏரி முழுவதும் புரண்டு கலக்கும். குளிரும், காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜனும் அடிவரை போய்ச் சேரும். அடுத்த கோடையில் மேல்நீர் சூடேறியதும், அந்தக் குளிர்ந்த நீர் மூடி போட்ட பானையில் இருப்பதுபோல அடியிலேயே கிடக்கும். அணையின் நீர்வாய் இந்த அடியடுக்கில் இருந்தால், ஜூலையில் ஆற்றில் ஓடுவது போன குளிர்காலத்துத் தண்ணீர்.

எந்த ஆழத்திலிருந்து நீர் எடுக்கிறோம் என்பதுதான் ஆற்றின் தலையெழுத்து. யூட்டா மாநிலத்தில் 1964-இல் முடிந்த ஃப்ளேமிங் கார்ஜ் அணை இதற்கு நல்ல சாட்சி. அடியிலிருந்து வந்த நீர் டிரவுட்டுக்கே அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்ததால், மீன்கள் மெதுவாகத்தான் வளர்ந்தன. 1978-இல் நீர்வாயில் கதவுகள் பொருத்தினார்கள். வேண்டிய ஆழத்திலிருந்து நீரை எடுத்து, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. மீன்கள் நன்றாக வளர ஆரம்பித்தன.

டிரவுட் ஏன் குளிரைத் தேடுகிறது? மூச்சுக்காகத்தான். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். இதில் இரட்டை இடி என்னவென்றால், மீன் குளிர் இரத்த உயிரினம். நீர் சூடாக ஆக அதன் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும். ரெயின்போ டிரவுட் 12 முதல் 18 டிகிரிக்குள் சுகமாக இருக்கும். சான் ஹுவானைப் போல அதைவிடக் குளிர்ந்தாலும், இரை நிறைய இருந்தால் வளரும். 20-ஐத் தாண்டினால் திணறும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கோடையில் பொறுப்புள்ள மீன்பிடிக்காரர் முதலில் ஒரு வெப்பமானியை ஆற்றில் விடுகிறார். 20 டிகிரிக்கு மேல் இருந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிடித்த மீனை உயிரோடு திருப்பி விட்டாலும், போராடிக் களைத்த மீன் அந்தச் சூட்டில் மூச்சு வாங்கித் தேறாமல் சிறிது நேரத்தில் செத்துப்போகலாம். மீனை விட்டுவிட்டோம் என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை.

அணைக்குக் கீழே நீர் தெளிவாக இருப்பதற்கும் காரணம் ஏரிதான். சேறும் மண்ணும் ஏரியிலேயே படிந்துவிடுகின்றன. வெளிச்சம் ஆற்றின் அடிவரை போகிறது, கல்லில் பாசி செழிக்கிறது, பாசியைத் தின்னும் பூச்சிகள் பெருகுகின்றன. ஆனால் பூச்சி வகைகள் குறைவு. பல பூச்சிகள் எப்போது இறகு முளைத்து மேலே வர வேண்டும் என்பதை நீரின் வெப்ப மாற்றத்தை வைத்தே அறிகின்றன. வருடம் முழுக்க ஒரே குளிரில் ஓடும் ஆற்றில் அந்த அறிகுறியே இல்லை. தாக்குப்பிடிப்பவை சில வகைகள்தான். அவற்றில் முக்கியமானது கொசுவைப் போல இருக்கும், ஆனால் கடிக்காத மிட்ஜ் என்ற குட்டிப் பூச்சி. வகை குறைவு, எண்ணிக்கை அபாரம். டிரவுட் நாள் முழுக்க இதைத்தான் மேயும்.

அதனால் தூண்டிலும் அந்த அளவுக்கு இறங்க வேண்டும். நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சியைத்தான் ஃப்ளை என்கிறார்கள். சான் ஹுவானில் அது சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அவ்வளவு இலேசானதை எறிய முடியாது. அதனால் எறிவது ஃப்ளையை அல்ல, கனமான கயிற்றை. நாம் ஈயக்குண்டு கட்டி எறியும்போது குண்டு நூலை இழுத்துப் போகிறது. இங்கே கயிறு தன் எடையால் பறந்து, நுனியில் இருக்கும் மெல்லிய நரம்பையும் ஃப்ளையையும் கூடவே கொண்டுபோகிறது.

நீரில் விழுந்த பிறகுதான் உண்மையான சோதனை. ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் வேகம், கரையோரம் மெதுவு. வேகமான நீர் கயிற்றை இழுத்தால் ஃப்ளை நீரோட்டத்துக்குக் குறுக்கே நழுவும். உயிருள்ள மிட்ஜ் அப்படிப் போகவே போகாது. தெளிந்த நீரில், ஆயிரக்கணக்கில் உண்மையான பூச்சிகளைப் பார்த்துப் பழகிய மீன் உடனே ஒதுங்கிவிடும். எனவே கயிற்றின் நடுப்பகுதியைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் வளைத்துப் போட்டு, இழுப்பு ஏற்படாமல் பார்த்துக்கொள்வார்கள். ஃப்ளை ஃபிஷிங்கின் பாதித் திறமை இதுதான் என்பேன்.

மீன் நம்மைப் பார்க்கும் விதமும் இயற்பியல்தான். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு, ஒளி வளைவதால், வெளியுலகம் முழுவதும் 97 டிகிரி கொண்ட ஒரு கூம்புக்குள் சுருங்கிவிடும். அதைத் தாண்டி நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றின் அடியைத்தான் காட்டும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு வானம் தெரியும் வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 1.36 மீட்டர். 30 சென்டிமீட்டருக்கு ஏறி வந்தால் அது பாதியாகிவிடும். மேலே வந்து மேயும் மீனின் வட்டம் சிறியது. அதனால் ஃப்ளை அதன் மூக்குக்கு நேரே வர வேண்டும். கரையில் தாழக் குனிந்து நிற்பவர் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி, கண்ணுக்கே படாமல் போகலாம். எழுந்து நின்றால் மாட்டிக்கொள்வார்.

மின்சாரம் எடுக்கும் அணைகளில் இன்னொன்றும் உண்டு. கோடைப் பிற்பகலில் ஊர் முழுக்க ஏர்கான் ஓடும், டர்பைன்களைத் திறப்பார்கள், ஆறு சட்டென்று ஏறும். ஆர்கன்சாஸ், டென்னசி மாநில ஆறுகளில் நீர் விடும் நேரத்தைப் பார்க்காமல் யாரும் இறங்க மாட்டார்கள். இங்கேயும் அணைக்குக் கீழே சங்கு ஊதினால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி, கரையேறிவிட வேண்டும்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். தெமெங்கோர் அணையின் உயரம் 127 மீட்டர். நவஹோவைவிடக்கூட சற்று உயரம். ஏரி ஆழமானது, அடுக்காகவும் பிரியும். நம் ஊர்ச் சூட்டில் அடுக்கு இன்னும் எளிதாகப் பிரியும் என்பதுதான் ஆச்சரியம். 5 டிகிரி நீரை 6 ஆக்கினால் ஒரு கன மீட்டரில் எடை 24 கிராம் குறையும். 29 டிகிரி நீரை 30 ஆக்கினால் ஏறக்குறைய 300 கிராம் குறையும். ஆகவே மேலுக்கும் அடிக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும், இரண்டும் லேசில் கலக்காது.

ஆனால் அடியில் சேமிக்க நமக்குக் குளிர்காலம் இல்லை. அடிநீரின் வெப்பம் அந்த வட்டாரத்தின் மிகக் குளிர்ந்த நாட்களின் வெப்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். டிசம்பர் மழையில் போர்வை தேடுகிறோமே, அந்தக் குளிர் டிரவுட்டுக்குக் கொதிநீர். அதைவிட மோசமானது, வருடாவருடம் முழுமையாகப் புரட்டிப்போடும் குளிர் இல்லாததால், அடிக்குப் புதிய ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. மழைக்காடு மூழ்கிய ஏரிகளில் மரமும் இலையும் அழுகி இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். அப்புறம் கூமுட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். அமெரிக்காவில் மீனுக்குச் சொர்க்கம் படைக்கும் அதே அடிநீர், வெப்பமண்டலத்தில் மீனை மூச்சடைக்க வைக்கும்.

அங்கேயும் இந்தத் தொல்லை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. டென்னசியில் கோடை முடிவில் அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால், சவுத் ஹோல்ஸ்டன் அணைக்குக் கீழே 1991-இல் வளைந்து வளைந்து போகும் தடுப்பு ஒன்றைக் கட்டினார்கள். நீர் அதன்மேல் வழிந்து விழும்போது காற்றைக் கலந்துகொள்ளும். கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை 1963-இல் நீரைத் தேக்கத் தொடங்கியபோது, கோடையில் சூடாகிச் சேற்றோடு ஓடிய ஆறு குளிர்ந்து தெளிந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த ஹம்பேக் சப் என்ற மீனால் அந்தக் குளிரில் முட்டையிட்டுப் பெருக முடியாமல் போயிற்று. வெளியிலிருந்து கொண்டுவந்த டிரவுட்டுக்குக் கிடைத்த வாழ்வுக்கு மண்ணின் மீன் கொடுத்த விலை அது. எனக்கு அதை நினைத்தால் வருத்தம்தான்.

டிரவுட்டுக்கு அணை கட்டாயமும் இல்லை, உயரமே போதும். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இலேயே டிரவுட் பொரிப்பகம் அமைத்தார்கள். அங்கே ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரமே குளிரைத் தருகிறது.

நமக்கு ஏன் அந்த மீன்? நம்மிடம் கெலா இருக்கிறது. செம்பனைப் பழத்தைத் தூண்டிலில் மாட்டினால் கடிக்கும் மீன்! தோட்டத்துக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான மீன் வேறு கிடைக்குமா? அதற்கு டிரவுட் அளவுக்குக் குளிர் வேண்டாம். தெளிவும் ஆக்சிஜனும் வேண்டும். பாறையில் மோதி நுரைத்து ஓடும் மேட்டு ஆறுகளில் அது வாழ்வதும் அதனால்தான். செபாராவ் என்ற நம் ஆற்று வேட்டை மீன் இன்னும் எளிது. சிறு மீன் போலக் கட்டிய ஃப்ளையை விடியற்காலையில் நீரோட்டத்துக்குக் குறுக்கே வேகமாக இழுத்தால் பாய்ந்து வந்து அடிக்கும். டிரவுட் ஆற்றில் எதைச் செய்யவே கூடாதோ, அதையே இங்கே வேண்டுமென்றே செய்கிறோம்.