ஜல்லோ

இத்தாலிய மொழியில் ஜல்லோ என்றால் மஞ்சள். லத்தீனில் பச்சை கலந்த மஞ்சளைக் குறித்த கல்பினுஸ் என்ற சொல், பழைய பிரெஞ்சு வழியாக வந்து இப்படித் திரிந்தது. நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ஜாண்டிஸும் இதே வேர்தான். பன்மை, ஜல்லி. கதை விஷயத்தில் இந்தப் பெயரில் வரும் இத்தாலியக் கொலைப் படங்கள் அடிக்கிற ஜல்லியைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் படுகிறது.

நிறத்தைக் கொலையோடு முடிச்சுப் போட்டது மொண்டடோரி பதிப்பகம். 1929 முதல் அது துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் வெளியிட்டது. நாளடைவில் எந்த அட்டை போட்டாலும் துப்பறியும் கதைக்கு ஜல்லோ என்றே பெயர் நின்றுவிட்டது. அகதா கிறிஸ்டி எழுதியதும் இத்தாலியர்களுக்கு ஜல்லோதான். துப்புத் துலங்காத வழக்கைச் செய்தித்தாள்கள் குறிப்பதும் இதே சொல்லால்தான்.

இத்தாலிக்கு வெளியே பொருள் சுருங்கிவிட்டது. அங்கே ஜல்லோ என்றால் 1960, 70களின் இத்தாலியக் கொலைப் படங்கள் மட்டும். கறுப்புக் கையுறை, பளபளக்கும் கத்தி, கடைசிவரை முகம் காட்டாத கொலையாளி. இந்த அச்சை வார்த்தது மரியோ பாவா 1964இல் எடுத்த 'கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்' (பெயரின் நேர்ப்பொருள் இது). ரோமில் ஓர் ஆடை அலங்கார நிலையம், வரிசையாகச் சாகும் மாடல் அழகிகள். கையில் காசு குறைவு. கேமராவை நகர்த்தக் குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டியில் வைத்துத் தள்ளினார்களாம். திரையிலோ சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக ஒளி வழிகிறது. ஒளியமைப்பை மெச்சியவர்களே, பாத்திரங்கள் வெறும் பொம்மைகள் என்றும், பெண்கள் சாவதைப் படம் அழகாக்கிக் காட்டுகிறது என்றும் குறைபட்டார்கள். இரண்டும் நியாயமான பேச்சு. அப்போது பெரிதாக ஓடாத படம், பிற்பாடு அந்த வகைக்கே முன்னோடி ஆனது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மஞ்சள் படம்' கூடவே கூடாது. மஞ்சள் பத்திரிகை நினைவுக்கு வந்து வேறு மாதிரிப் புரிந்துகொள்வார்கள். நாவல் என்றால் 'துப்பறியும் கதை' போதும். படத்துக்கு 'கொலைத் திகில்' நெருங்கி வரும், ஆனால் நாடும் காலமும் அதில் இல்லை. ஜல்லோ என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'இத்தாலியக் கொலைத் திகில்' என்று விளக்கம் சேர்ப்பதே என் வழக்கம். இத்தாலியப் பேய்ப்படத்துக்கெல்லாம் இதைச் சூட்ட வேண்டாம். தாரியோ அர்ஜென்டோவின் 'சுஸ்பீரியா'வில் (1977) கொல்வது சூனியக்காரிகள். ஜல்லோவில் கையுறைக்குள் இருப்பது மனிதக் கைதான்.